தாழ மறுத்த சிறகு

விமானச் சிறகு ஒன்றை எங்கே ஒளிப்பது என்று தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் மட்டக்களப்பில் நானும் என் மச்சானும் மட்டும்தான் என்று நினைக்கிறேன். பன்னிரண்டு அடி நீளம். கட்டிலுக்குக் கீழே போகாது. முகட்டில் ஏற்றினால் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நிற்கும். புதைப்போம் என்றால், எங்கள் வளவில் மூன்றடி தோண்டத் தண்ணீர் வந்துவிடும். எரிப்போம் என்றால், அந்தக் கறுத்த புகை புளியந்தீவு வரைக்கும் தெரியும். வெட்டித் துண்டாக்குவோம் என்றால், வாள் படும் சத்தம் தெருவுக்குக் கேட்கும். கேட்டவர்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

அந்தச் சிறகு எங்கள் கைக்கு வந்த கதையை முதலில் சொல்ல வேண்டும்.

நான் நீர்ப்பாசனக் கந்தோரில் படவரைஞனாக இருந்தவன். எதையும் எண்ணுகிற பழக்கம் சின்ன வயதிலிருந்தே உண்டு. பந்தியில் இருந்தால் இலைகளை எண்ணுவேன், பஸ்ஸில் ஏறினால் தலைகளை எண்ணுவேன். எண்ணி முடித்தால் பயம் கொஞ்சம் குறையும். சண்டை தொடங்குவதற்குச் சில வருடங்களுக்கு முன்னால் ஒப்பந்த வேலைக்கு அரபு நாடு ஒன்றுக்குப் போனேன். அங்கே எனக்கு மேலதிகாரியாக இருந்த வெள்ளைக்கார இஞ்சினியர், தன் வீட்டுக் கராஜில் தானே ஒரு விமானம் கட்டி வைத்திருந்தார்.

நான் அதுவரை விமானத்தைத் தகரமும் ஆணியும் சேர்ந்த சாமான் என்றுதான் நினைத்திருந்தேன். இது வேறு. ரிஜிஃபோம் என்கிற இலேசான நுரைக்கட்டியைச் சூடான கம்பியால் சிறகின் வடிவத்துக்கு அறுத்து, அதன்மேல் கண்ணாடி நார்த் துணியை விரித்து, ரெசின் பூசி, காய விட்டு, தேய்த்து எடுத்தது. அச்சுக் கிடையாது, ஆணி கிடையாது. தோற்றமும் தலைகீழ். பெரிய சிறகு பின்னால், சின்னச் சிறகு மூக்கில், விசிறி வாலில். ஆள் ஏறாத நேரத்தில் முன்சில்லை மடக்கி விட்டால், மூக்கை நிலத்தில் ஊன்றி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, படுக்கப் போகிற மாடு மாதிரி முன்னங்கால் மடித்து நிற்கும். அப்படி நிறுத்தாவிட்டால் இயந்திரத்தின் பாரத்தில் பின்னுக்கு மல்லாந்துவிடும். ஆள் இல்லாமல் தானாக நிற்கவும் தெரியாத ஒரு சாமானில் மனிதன் ஏறலாமா என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

அந்தச் சின்னச் சிறகுதான் இந்த விமானத்தின் உயிர் என்று அவர் விளக்கினார். வேகம் குறையக் குறைய முதலில் தளர்வது முன்சிறகு. அது தளர்ந்தால் மூக்குத் தானாகத் தாழும், வேகம் கூடும், மறுபடி நிமிரும். பெரிய சிறகு தளர்வதற்குச் சந்தர்ப்பமே வராது. ஆகவே அது விழாது. கடதாசியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் வந்தது. கணக்குச் சரியாக வந்தபடியால் இரண்டு முறை பின்ஆசனத்தில் ஏறினேன்.

முதல் முறை ஒன்றும் நடக்கவில்லை. மணல், மணல், அதற்கப்பால் கடல். அவர் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்துக் காட்டினார். மூக்கு மெல்லத் தலையாட்டியது, தாழ்ந்தது, நிமிர்ந்தது. ஒன்பது முறை ஆட்டியது. இரண்டாம் முறை, அந்த வறண்ட நாட்டில் வருடத்தில் ஓரிரு தடவை பெய்கிற மழை, நாங்கள் மேலே இருக்கும்போது பெய்தது. கண்ணாடியில் நாலு துளி விழுந்ததும் மூக்குக் கீழே இழுத்தது. அவர் பிடியைப் பின்னுக்கு இழுத்தார். மூக்கு இன்னும் கீழே இழுத்தது. பின்னால் இருந்த எனக்கு அவருடைய பிடரி மட்டும்தான் தெரிந்தது. பிடரி சிவந்து வியர்த்ததைப் பார்த்தே நிலைமையை அறிந்துகொண்டேன். வழமையைவிட வேகமாக வந்து இறங்கினோம்.

முன்சிறகு நனைந்தால் அதன்மேல் காற்று ஒட்டாமல் பிரிந்துவிடுகிறது, தூக்கும் பலம் குறைகிறது. இது தெரிந்த நோய்தான் என்றார் அவர். அதற்கு வேறு வடிவத்தில் புதுச் சிறகு ஒன்றின் படம் வந்திருந்தது. அதைக் கட்டி மாட்டினார். பழையது கராஜ் சுவரில் சாய்ந்து கிடந்தது. அவர் ஊர் திரும்புகிற நேரம் அந்தப் பழைய சிறகையும் விமானத்தின் முழுப் படங்களையும் நான் விலைக்கு வாங்கினேன். மழைக்குப் பயந்த சிறகை, மாரியில் வாவியும் வயலும் ஒன்றாகிற ஊருக்கு, மரப்பெட்டியில் அடித்துக் கொண்டு வந்தேன். ஏன் என்று இன்றைக்கும் என் மனைவி கேட்பாள். மச்சான், அதாவது அவளுடைய ஒரே தம்பி, வாவிக் கரையில் கொட்டில் போட்டு ஃபைபர் வள்ளம் கட்டுகிறவன். அவனுக்குத் துணியும் ரெசினும் தெரியும், எனக்குப் படம் வாசிக்கத் தெரியும். இரண்டு பேரும் சேர்ந்தால் மிச்ச விமானத்தைக் கட்டிவிடலாம் என்று நினைத்தேன். அந்தக் காலத்தில் அப்படி நினைக்க முடிந்தது.

பெட்டியைத் திறந்தபோது மச்சான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

"அத்தான், அரபு நாட்டுக்குப் போனவன் எல்லாம் டேப் ரெக்கோடர் கொண்டு வாறான். நீங்க பிளேன்ட ஒரு செட்டையக் கொண்டு வந்திரிக்கிறீங்க. மிச்சப் பிளேன் பின்னால பறந்து வருதா?"

"மிச்சத்தை நாங்க கட்டுவம்."

"ஓம் கட்டுவம். கட்டி, களுவாஞ்சிக்குடிச் சந்தைக்கு மரக்கறி ஏத்துவம்."

பகடி விட்டானே தவிர, அன்று பின்னேரமே சிறகைத் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டான். துணி எங்காவது ரிஜிஃபோமை விட்டுப் பிரிந்திருந்தால் சத்தம் மாறும். எங்கும் மாறவில்லை.

மழை நோய்க்கு ஒரு மருந்து உண்டென்று இஞ்சினியர் பிறகு கடிதத்தில் எழுதியிருந்தார். சிறகின் முதுகில், முன்விளிம்புக்குச் சற்றுப் பின்னால், சின்னச் சின்னத் தகடுகளைச் சரிவாக நிறுத்தி ஒட்டினால் அவை காற்றைக் கடைந்து சிறகோடு ஒட்ட வைக்குமாம். பால்மாப் பேணித் தகரத்தை நகத்தளவு துண்டுகளாக நாற்பத்திரண்டு வெட்டி வைத்தேன். சோதிப்பது எப்படி? மச்சான்தான் வழி சொன்னான். அவனுடைய இயந்திர வள்ளத்தின் முன்பக்கத்து அணியத்தில் இரண்டு தடி நட்டு, நடுவே சிறகைக் கட்டி, மீன் நிறுக்கும் வில்தராசு இரண்டைக் கொழுவி, வாவியின் குறுக்கே முழு வேகத்தில் ஓடினோம். நான் தராசு முள்ளைப் பார்ப்பேன், அவன் ஒரு கையால் சுக்கானைப் பிடித்தபடி மறு கையால் வாளித் தண்ணீரைச் சிறகில் வீசுவான். தகடு இல்லாமல் நனைத்தபோது முள் விழுந்தது. தகடு ஒட்டி நனைத்தபோது விழவில்லை. அந்தச் சந்தோசத்தில் மச்சான் இன்னும் வேகம் கொடுக்க, கயிறு அறுந்து, சிறகு எங்கள் தலைக்கு மேலாக எழும்பி, தன்பாட்டில் ஒரு வீட்டு வளவு தூரம் பறந்து, தண்ணீரில் இறங்கி மிதந்தது.

கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் கை தட்டினார்கள். பதினேழு பேர். அன்று அது எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு பல இரவுகள் அந்தப் பதினேழு முகங்களையும் ஒவ்வொன்றாக நினைத்து, யார் யாருக்குச் சொல்லியிருப்பார்கள் என்று கணக்குப் பார்த்தேன்.

ஏனென்றால் சண்டை வந்துவிட்டது. வீதியில் மணல்மூடைகள் வந்தன, பாலத்தடியில் வருவோர் போவோரைச் சோதிக்கிற ஆமிச் சென்றி வந்தது, வானத்தில் ஹெலி வந்தது. சத்தம் கேட்டால் ஊரே பற்றைக்குள் ஓடியது. பறக்கிற எதுவும் எங்களுக்கு நல்லதைக் கொண்டு வராத காலம் அது. அந்தக் காலத்தில் மச்சானுடைய கொட்டிலில், பழைய வலைக்குக் கீழே, வெள்ளை நிறத்தில் ஒரு விமானச் சிறகு கிடந்தது. ஆமி கண்டால் மச்சானைக் கொண்டுபோவார்கள். இயக்கத்துப் பொடியன்கள் கண்டால் என்னையும் சேர்த்து, மரியாதையாகக் கொண்டுபோவார்கள். மிச்சத்தையும் கட்டித் தாருங்கள் ஐயா என்பார்கள். இரண்டில் எது நடந்தாலும் திரும்பி வர வழி இல்லை.

படங்களை என் மனைவி நெல் அவித்த அடுப்பில் எரித்தாள். நான் தடுக்கவில்லை. சிறகுதான் மிச்சம். பக்கத்துக் கிராமத்தில் சுற்றிவளைப்பு நடந்த அன்று அவள் முற்றத்தில் வந்து நின்றாள்.

"இஞ்சருங்க. அதை இண்டைக்கே இல்லாமப் பண்ணுங்க. எனக்கு இரிக்கிறது ஒரு தம்பி. உங்கட செட்டைக்கு நான் அவனக் குடுக்கேலா."

"எங்க கொண்டு போடுறது?"

"கொண்டு வரக்குள்ள என்னட்டக் கேட்டீங்களா? போடக்குள்ள மட்டும் கேக்கிறீங்க."

வாவியில் தாழ்ப்பது என்று முடிவெடுத்தோம். இரவில் வள்ளம் விட்டால் சுடுவார்கள். ஆகவே நல்ல மத்தியானம், சென்றிக்காரர்கள் சோறு தின்கிற நேரம், புதிதாகக் கட்டிய வள்ளத்தை வெள்ளோட்டம் விடுகிற மாதிரிப் புறப்பட்டோம். சிறகு வள்ளத்தின் அடித்தட்டில் கிடந்தது, அதன்மேல் தென்னோலை, ஓலைக்கு மேல் நான். தகடுகளை முதல்நாளே சுரண்டிவிட்டேன். ஒவ்வொன்றும் ஒரு சின்னக் கறுத்த தழும்பை விட்டுப் போனது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

கண்டல் பற்றை ஒதுக்கில், தடி ஊன்றி ஆழம் பார்த்தேன். ஏழு அடி. ஆளுக்கு மேலே. இரண்டு கருங்கல் கட்டிப் போட்டோம். சிறகு போன வேகத்தில் கல்லையும் தூக்கிக்கொண்டு மேலே வந்தது. நாலு கல் கட்டினோம். ஒரு முனை தாழ்ந்தது, மறுமுனை சுறாச் செட்டை மாதிரி எழும்பி நின்றது.

"அத்தான், இது பறக்கப் பிறந்த சாமான். தாழச் சொன்னா ரோசம் வருது பாருங்க" என்றான் மச்சான். அவனுக்கு எப்போதும் பகடிதான். எனக்குச் சென்றிப் பக்கம் திரும்பிப் பார்க்கவே பயம்.

கடைசியில் வள்ளத்து நங்கூரத்துக்கு வார்த்த சீமெந்துக் கட்டி இரண்டையும், கல் ஆறையும் சேர்த்துக் கட்டினோம். குமிழி விட்டபடி போய்விட்டது. தண்ணீர் தெளிந்தபோது ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் சாமிப் படத்துக்கு விளக்குக் கொளுத்தினாள். அன்று நன்றாக நித்திரை கொண்டேன்.

இந்த வாவிக் கரையில் பிறந்து வளர்ந்து, நீர்ப்பாசனக் கந்தோரில் வேலையும் பார்த்த எனக்கு அந்த நேரம் ஒன்று நினைவுக்கு வரவில்லை. அது கார்த்திகை மாதம். ஆற்றுவாய் என்று நாங்கள் சொல்கிற முகத்துவாரத்தை மணல் மூடியிருந்தது. மழைத் தண்ணீர் கடலுக்குப் போக வழியில்லாமல் வாவியில் ஏறிக்கொண்டிருந்தது. நான் அளந்த ஏழடி அந்தத் தேங்கிய தண்ணீரின் ஏழடி. ஒவ்வொரு மாரியிலும் வயல் வட்டைகளில் வேளாண்மை தாழத் தொடங்கியதும், விவசாயிகள் போய் முறையிட்டு, அதிகாரிகள் சம்மதித்து, நூறு நூற்றைம்பது பேர் மண்வெட்டியோடு போய் முகத்துவாரத்து மணலை வெட்டி விடுவார்கள். வாவி ஒரே மூச்சில் கடலுக்குள் ஓடும். சண்டைக் காலத்தில் யார் வெட்டப் போகிறார்கள் என்று நினைத்தேனா, அதைப் பற்றி நினைக்கவே இல்லையா, தெரியாது.

சில நாள் கழித்துச் சங்கக் கடையில் அரிசிக்கு நின்றபோது ஒரு கமக்காரர் ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"ஆத்துவாய் வெட்டியாச்சு! ஆமி விட்டிட்டான்! தண்ணி இழுக்குது கா, கண்ணால பாக்க இழுக்குது!"

வரிசையில் நின்ற அத்தனை பேரும் சந்தோசப்பட்டார்கள். வயல் தப்பியது. ஒருவர் என் தோளில் தட்டி, "என்ன, உங்களுக்கு வேளாண்மை இல்லையா, முகம் செத்துப் போச்சு" என்று கேட்டார். அரிசி வாங்காமல் சைக்கிளை எடுத்தேன்.

மச்சான் எனக்கு முன்பே கரையில் நின்றான். கண்டல் வேர்கள் எல்லாம் வெளியே தெரிந்தன. சேற்றில், கட்டிய கற்களோடு, மல்லாந்த மீன் வயிறு மாதிரி வெள்ளையாகச் சிறகு கிடந்தது. அதை நோக்கி, சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, இரண்டு ஆமிக்காரர்கள் சேற்றில் இறங்கி நடந்துகொண்டிருந்தார்கள். கயிற்றை வெட்டினார்கள். சிறகை இரண்டு முனையிலும் தோளில் வைத்துச் சென்றிக்குக் கொண்டு போனார்கள்.

"ஓடிரு. கொழும்புக்குப் போயிரு" என்றேன்.

"ஓடினா என்னத்தான் தேடுங்க எண்டு சொல்லிக் குடுக்கிற மாதிரி. சும்மா இரிங்க அத்தான்."

ஒரு நாள் ஒருவரும் வரவில்லை. இரண்டு நாள் வரவில்லை. ஒரு கிழமை கழித்து நான் பாலத்தைத் தாண்டி அரசாங்க அலுவலாகக் கச்சேரிக்குப் போக வேண்டியிருந்தது. சென்றியில் வரிசையில் நின்று, என் முறை வந்தபோது பார்த்தேன். இரண்டு பக்கமும் மணல்மூடை அடுக்கி, அதன்மேல் சிறகைக் குறுக்கே வைத்து, சனங்களின் பைகளைச் சோதிக்கிற தட்டாக்கியிருந்தார்கள். நான் தேய்த்து மினுக்கிய முதுகின்மேல் என் பையை வைக்க வேண்டியிருந்தது. சிப்பாய் பைக்குள் கை விட்டான், நான் தழும்புகளை எண்ணினேன். நாற்பத்திரண்டும் இருந்தன. வளைந்த முதுகு ஆனபடியால் பை வழுக்கியது. பிடித்துக்கொண்டேன். எனக்குப் பின்னால் வந்த பெண்ணின் எலுமிச்சங்காய்கள் நாலு பக்கமும் உருண்டோடின. சிப்பாய் எரிச்சலில் அந்தத் தட்டுக்கு ஒரு உதை விட்டான்.

சாதாரணச் சிப்பாய்க்கு அது ஒரு பலகை. ஆனால் விமான இறங்குதுறைப் பக்கம் முகாமில் விமானப்படைக்காரர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் இந்த வீதியால் வந்தால், ஒரே பார்வையில் கண்டுபிடிப்பார். பிறகு விசாரிப்பார்கள். ஃபைபர் வேலை தெரிந்தவன் இந்தப் பக்கத்தில் ஒருவன்தான். நான் அதன்பிறகு ஒவ்வொரு நாளும் கரையோரமாகப் போய், தூரத்தில் நின்று, சிறகு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவேன். இருந்தாலும் பயம், ஒரு நாள் இல்லாமல் போனால் அதைவிடப் பயம்.

ஆளனுப்பினார்கள். சென்றிக்குப் பொறுப்பான அதிகாரி ஃபைபர் வேலைக்காரனை வரச் சொல்கிறாராம். செய்தி கொண்டு வந்த கடைக்காரர், "நாந்தான் உன்ட பேரச் சொன்னனான், வேலை கிடைக்கும் எண்டு" என்று நல்ல மனதோடு சொன்னார். மனைவி அந்த இடத்திலேயே நிலத்தில் இருந்துவிட்டாள்.

மச்சான் போய்ப் பேசிவிட்டு வந்தான். சாமான்கள் உருளுகின்றன, மேலே தட்டையாக்கி, சுற்றிவர விளிம்பு கட்டித் தர வேண்டும். ஒரு முனை உதைபட்டு வெடித்திருக்கிறது, அதையும் அடைக்க வேண்டும். இதுதான் கட்டளை.

"அப்ப அதை மூடப் போறம். அவனுகளே மூடச் சொல்றானுகள்" என்றான் மச்சான்.

எனக்கு அந்தச் சந்தோசம் வரவில்லை. வெடித்த முனையில் நீல ரிஜிஃபோம் வெளியே தெரியும். மச்சானிடம் இருப்பது வள்ளத்து ரெசின். அது ரிஜிஃபோமில் பட்டால் வெல்லத்தில் தண்ணீர் பட்ட மாதிரித் தின்றுகொண்டே போகும். சிறகை ஒட்டிய ரெசின் வேறு சாதி. அது எங்களிடம் இல்லை. ஆமிக்காரனுக்கு முன்னால் அந்தப் பலகை பொங்கிக் குழிந்து ஓட்டையானால் என்ன சாமான், ஏது சாமான் என்று கேள்வி தொடங்கும்.

"வெடிப்பில ரெசின் ஊத்திராத. கேட்டியா? முதல்ல அதை மூடு."

"அத்தான், எனக்கே ரெசின் படிப்பிக்கிறீங்க. மரப்பசையில மரத்தூள் குழைச்சு அடைச்சு, காய விட்டு, மறுகா மேல பூசுவன். நீங்க வரிசையில நிண்டு என்னைப் பாத்துப் பாத்து வேர்க்காம இரிந்தாப் போதும்."

நான் வரிசையில் நின்றேன். போக வேண்டிய அலுவல் ஒன்றும் இல்லை. பையில் இரண்டு தேங்காய் வைத்துக்கொண்டு, முறை வரும்போது பின்னால் நிற்பவருக்கு இடம் விட்டு, மறுபடி கடைசிக்குப் போய் நின்றேன். மச்சான் வெடிப்பை அடைத்தான். காய்வதற்கு இடையில் சிப்பாய்களிடம் பீடி வாங்கிக் குடித்தான். அரைகுறைச் சிங்களத்தில் எதையோ சொல்லி அவர்களைச் சிரிக்க வைத்தான். பிறகு மெல்லிய பலகைச் சட்டங்களைச் சுற்றிவரப் பொருத்தி, துணியை வெட்டினான்.

அப்போதுதான் ஜீப் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவருடைய சட்டையின் நீல நிறத்தைக் கண்டதும் விமானப்படைக்காரர் என்று தெரிந்துகொண்டேன். நாற்பது வயதிருக்கும். சென்றி அதிகாரியோடு கதைக்கத்தான் வந்தார். கதைத்துக்கொண்டிருக்கும்போதே கண் இந்தப் பக்கம் திரும்பியது. கதையை நிறுத்திவிட்டு வந்தார். சிறகின் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புக்கு உள்ளங்கையைத் தடவிக்கொண்டு போனார். குனிந்து, ஒரு கண்ணை மூடி, நீளத்துக்குப் பார்த்தார். இஞ்சினியரும் அப்படித்தான் பார்ப்பார். அந்த வேலை தெரிந்தவர்கள் மட்டும் பார்க்கிற பார்வை அது.

"இது எங்க இருந்து?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"ஆறு கொண்டு வந்த சாமான் மாத்தயா. உங்கட ஆக்கள்தான் எடுத்தவங்க" என்றான் மச்சான்.

அவர் விரல் தழும்புகளில் நின்றது. "இது?"

"சிப்பி ஒட்டின அடையாளம்."

"சிப்பி இப்படி வரிசையாக ஒட்டுமா?"

என் பையில் தேங்காய் இரண்டும் ஒன்றோடொன்று முட்டின. அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் நின்ற கிழவி திரும்பிப் பார்த்தாள். மச்சான் துணியிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"எங்கட ஆத்துச் சிப்பிக்கும் ஆமியெண்டாப் பயம் மாத்தயா. வரிசையிலதான் நிக்கும்."

சிப்பாய்கள் வெடித்துச் சிரித்தார்கள். சென்றி அதிகாரியும் சிரித்தார். விமானப்படைக்காரர் சிரிக்கவில்லை. மச்சானுடைய கைகளைப் பார்த்தார். முழங்கை வரைக்கும் காய்ந்த ரெசின், பல வருடத் தழும்பு. பிறகு வரிசையில் நின்ற எங்கள் எல்லோரையும் ஒரு முறை பார்த்தார். அந்தப் பார்வை என்னில் நின்றதா, என்னைத் தாண்டிப் போனதா என்று என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

"நன்றாக மூடு" என்றார். "ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும். கீழ்ப்பக்கமும். ஒரு இடமும் தெரியக் கூடாது."

திரும்பிப் போய் ஜீப்பில் ஏறினார்.

மச்சான் மூடினான். மேலே மூன்று அடுக்குத் துணி, கீழே இரண்டு, விளிம்புகளுக்கு ஒவ்வொன்று. ரெசினில் வள்ளத்துக்குப் போடுகிற பச்சை நிறத்தைக் கலந்தான். பின்னேரம் ஆவதற்குள் அது வெறும் பச்சைத் தட்டு. முதலில் சோதிக்கப்பட்டது அவனுடைய சொந்தச் சாமான் பைதான். அதைத் தட்டில் வைக்க விடவில்லை, இன்னும் காயவில்லையாம், கையிலேயே பிடிக்கச் சொல்லிச் சோதித்தார்கள். போகச் சொன்னார்கள்.

சைக்கிள்களை உருட்டிக்கொண்டு வந்தோம். வீதி முழுக்க அவன் ஒரு பகடியும் விடவில்லை.

வீட்டில் மனைவி சோறு போட்டு வைத்தாள். அவன் கை கழுவிவிட்டு இருந்தான். சோற்றுக் கோப்பையில் கையை வைத்தான். விரல்கள் சோற்றைப் பிடிக்கவில்லை. பிடித்த சோறும் வாய்க்கு வர முன்னம் உதிர்ந்தது. இரண்டு முறை முயன்றான். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த மனுசன் கண்டுபிடித்தாரா இல்லையா என்று கேட்கத்தான் வாய் வந்தது. கேட்கவில்லை.

மனைவி அவன் பக்கத்தில் இருந்து, கோப்பையைத் தன்பக்கம் இழுத்து, சோற்றைக் குழைத்து உருட்டி அவன் வாயில் வைத்தாள். மூன்று பிள்ளைகளின் தகப்பன். வாயைத் திறந்து வாங்கிக்கொண்டான். தெருவில் ஒரு வாகனம் வந்தது. மூன்று பேரும் அசையாமல் இருந்தோம். அது வேகம் குறைக்காமல் கடந்து போனது.

"இன்னம் ஒரு வாய்" என்றாள் அவள்.